கிழவர் காட்டிய இடம்

வார்டோ, நோர்வே
14.09.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. "கை முறிஞ்சு போச்சோ" என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கைக்கு ஒன்றுமில்லை, சோம்பல்தான். மீன் பக்டறியில் இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. நல்ல ஓய்வு, உடம்பும் வைத்துவிட்டது. யோசிக்க வேண்டாம்.

கீழ் வீட்டுக் கிழவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொட் மீன் தலையில் நான் குழம்பு வைத்த அன்று யன்னலால் எட்டிப் பார்த்தாரே, அவர்தான். முதல் இரண்டு வருடம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் என்னோடு பேசுவார். இப்போது தன் ஊர்ப் பேச்சில் கடகடவென்று பேசுகிறார், விளங்காவிட்டால் ஏசுகிறார். அந்த ஏச்சு எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

போன மாதம் என்னை முல்தெ என்கிற காட்டுப் பழம் பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குக் கடலுக்கு அடியால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சுரங்கப் பாதை இருக்கிறது. அதைத் தாண்டினால் மரமே இல்லாத வெளி. சின்னக்கா நம்பமாட்டா. அங்கே சதுப்புக்குள் ஒரு தண்டுக்கு ஒரு பழம். காயாக இருக்கும்போது சிவப்பு, பழுத்தால் மஞ்சள். எங்கே காய்க்கிறது என்று இந்தச் சனம் மருமகனுக்குக்கூடச் சொல்லாது. கிழவர் காரை விட்டுவிட்டு, தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு வேறு பக்கம் போவதுபோல நடந்து, சுற்றி வளைத்துத்தான் இடத்துக்குக் கொண்டுபோனார். களவெடுக்கப் போனவர்கள் மாதிரி!

இரண்டு வாளி சேர்ந்தது. திரும்பும்போது, "உன் ஆட்களுக்குச் சொல்லிவிடாதே" என்றார். எனக்குச் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒஸ்லோவில் இருக்கிற என் மகனுக்கும் சொல்லவில்லை" என்றார். அன்று பின்னேரம் அறையில் பெடியள் வாளியைக் கண்டுவிட்டு எங்கே பொறுக்கியது என்று கேட்டார்கள். "தூரம்" என்றேன். இந்த ஊர்க்காரன் மாதிரியே பொய் சொல்கிறாய் என்று சிரித்தார்கள்.

பழம் புளிப்பு, விதை பல்லுக்குள் போகும். கைவிரலெல்லாம் பிசுபிசுத்தபோது குஞ்சியப்பு வன்னியிலிருந்து கொண்டுவரும் பாலைப்பழம் நினைவுக்கு வந்தது. உதடு ஒட்டிக்கொண்டு நான் அழ, நீங்கள் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துவிடுவீர்கள். சதுப்புக்குள் குனிந்தபடியே நின்றுவிட்டேன். இடுப்புப் பிடித்துவிட்டதா என்று கிழவர் கேட்டார். ஓம் என்றேன்.

இனி இருட்டு வரப்போகிறது. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி 20 போலத்தான் திரும்பத் தெரியும். அன்றைக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு. தைப்பொங்கலுக்கு இங்கே சூரியன் இல்லை, அம்மா. "இருட்டில் யாருக்குப் பொங்குகிறாய், வெடி கேட்டபிறகு பொங்கு, நானும் வருகிறேன்" என்கிறார் கிழவர்.

சரி, தங்கச்சியின் விஷயம். மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக வீடு கேட்டால் ஓம் சொல்லுங்கள். காசுக்குத் தை வரை தவணை கேளுங்கள். பேசப் பெரியப்பாவை அனுப்புங்கள். மாமா போனால் சண்டையில் முடியும். நான் அனுப்பும் காசைக் கொண்டுவந்து தரும் உண்டியல்காரர் இந்த முறை பாதிதான் தருவார். இங்கே வங்கியில் ஏதோ தாமதம், மிச்சம் பின்னால் வரும். தங்கச்சிக்கு அதைச் சொல்ல வேண்டாம்.

ஆசையம்மா வேலிக் கதியாலை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். வழக்குக்குப் போக வேண்டாம். ஆனால் கறுத்தக்கொழும்பான் மாமரம் இப்போது வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது? அதை உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்