தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை

ஆசிரியருக்கு,

கொரோனா ஊரடங்கின் இழப்பு பற்றிப் பேசுவோர் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் எண் 23.9 சதவீதம். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) சரிந்த அளவு, முதல் மதிப்பீட்டின்படி. காலாண்டு மதிப்பீடு பெரிதும் நம்புவது பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கணக்கை. டீக்கடைக்கும் நாலு தறிப் பட்டறைக்கும் ஏது காலாண்டுக் கணக்கு?

ஊரடங்கே தவறு என்பதல்ல என் வாதம். செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்க்க, கடன் கணக்கைப் பிரிக்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதத் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது; வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 12 சதவீதத்தில் 10 லட்சம் பாக்கி என்றால், 6 மாதத் தனிவட்டி 60,000 ரூபாய். மாதாமாதம் அசலில் ஏறினால் 61,520. 2 கோடி வரையிலான சிறுதொழில் கடனுக்கு மத்திய அரசு பிறகு ஈடுகட்டியது இந்த வித்தியாசத்தை மட்டும்தான்: ஏறத்தாழ 1,520 ரூபாய். (பட்டறையின் டீச்செலவுக்கு ஆகும்!) மீதி 60,000 கடன் வாங்கியவர் பொறுப்பு.

2020-இல் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமும், தொடக்கத்தில், பாக்கியில் 20 சதவீதம் வரை புதுக் கடன்தானே தவிர மானியமல்ல. அதுவும் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கிக் கடன் நிலுவையில் இருந்தவர்களுக்கு. தண்டல் வாங்கித் தொழில் ஓட்டியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

— வாசகர், ஈரோடு