கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடேறும் மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகனுக்கு,

கண்டி நகர நெரிசலில் நெடுநேரம் நின்றாலும் வெப்பமானியின் ஊசி அசையாத மொறிஸ் மைனர் கார், கடுகண்ணாவை ஏற்றத்தில் மட்டும் கொதித்துவிடுகிறது என்றும், அங்குள்ள மெக்கானிக் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றவேண்டும் என்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதற்கு இப்போது சம்மதிக்காதே. நின்ற நிலையில் சூடேறினால் விசிறியையும் பெல்ற்றையும் சந்தேகிக்கலாம். பாரம் இழுக்கும்போது மட்டும் சூடேறினால், எழும் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேற்றருக்கு இயலவில்லை என்றே முதலில் எண்ணவேண்டும்.

அந்தக் கார் இத்தனை காலமும் குடித்தது எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல் ஆகையால், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் அதே படை ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் பிடித்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, ரேடியேற்றரின் முகத்தில் மேலிருந்து கீழாகக் கையை மெல்ல ஒற்றிப் பார். சூடு படிப்படியாகக் குறைந்துவர வேண்டும். நடுவே ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைபட்டிருக்கிறது. அப்படியானால் ரேடியேற்றர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, மேல்தொட்டியைக் கழற்றிக் கம்பிவிட்டுத் துப்புரவாக்கச் சொல். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான புளொக்கின் பின்பக்க வடிகுழாயையும் மறக்கவேண்டாம்; அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால், உள்ளே சேறு இறுகியிருக்கிறது என்று பொருள், கம்பியால் குத்திவிடவேண்டும்.

கீழ் ஹோஸையும் கவனி. பழைய ரப்பர் இளகியிருந்தால், எஞ்சினை முறுக்கும்போது பம்ப் இழுக்கிற இழுவையில் அது சப்பளிந்து தண்ணீரை மறித்துவிடும்; நிறுத்தியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால் எவர் கண்ணிலும் படாது. சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி வெந்நீரில் போட்டால், ஏறத்தாழ 82 பாகையில் திறக்கத் தொடங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று ரைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே கார்கள் துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. தட்டும் சத்தத்தைத் தவிர்க்க ரைமிங்கைப் பின்தள்ளி வைத்த கைகள் பல. அந்தப் பழக்கம் சிலரிடம் இன்றும் உண்டு. பின்தள்ளிய ரைமிங் எஞ்சினை வீணாகச் சூடாக்கும் என்பதால், அதையும் சரிபார்க்கச் சொல்.

இவற்றுக்குப் பின்னரும் கொதித்தால்தான் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே வைக்கும் ஹெட் கஸ்கற்றின் கதை. குளிர்ந்த எஞ்சினை, ரேடியேற்றர் மூடி திறந்தபடி இயக்கிப் பார்; தண்ணீரில் குமிழிகள் ஓயாமல் எழுந்தாலோ, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, மெக்கானிக் சொன்னதே சரி.

வழியில் கொதித்தால் மூடியைத் திறக்காதே, பச்சைத் தண்ணீரும் ஊற்றாதே, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். துப்புரவாக்கிய பின்பு காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் மட்டுமே விடு. ரேடியேற்றர் மூடியில் பொறித்துள்ள அழுத்த எண்ணை (psi) பார்த்து எழுது. அது 7 இல்லாவிட்டால் இங்கே ஒன்று தேடி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா