தாயக்கட்டையும் பிட்காயின் ஹாஷும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த அன்றே பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், அவ்வளவு சந்தோஷம். மாமா விசாரித்ததாகச் சொல்.

சரி, உன் தாய விளையாட்டுக்கு வருகிறேன். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு நம் பழைய கூட்டம் போனில் தாயம் ஆடுவதே பெரிய விஷயம். "சர்வர் உனக்கு மட்டும் பன்னிரண்டு போடுகிறது" என்று அதில் இரண்டு பேர் முணுமுணுக்கிறார்களாமே. நீ ஏமாற்ற மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் கேட்பது நியாயம்தான். திண்ணையில் ஆடும்போது கட்டை உருள்வதை எல்லோரும் பார்த்தோம். உருட்டாமல் நழுவவிட்டால் கையைப் பிடித்தோம். சர்வருக்குள் உருண்டதை யார் பார்த்தார்கள்?

பிட்காயின் ஹாஷை வைத்துக் கட்டை உருட்டலாமா என்று கேட்டாய். தாராளமாக உருட்டலாம். ஹாஷ் என்பது எந்தத் தகவலையும் ஒரே நீளமுள்ள எண்ணாக மாற்றும் கணக்கு. தகவல் துளி மாறினாலும் எண் மாறிவிடும், எண்ணிலிருந்து தகவலைத் திரும்ப எடுக்க முடியாது. பிட்காயினின் பொதுக் கணக்குப் புத்தகத்தில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு புதுப் பக்கம், வருகிறது. அதன் ஹாஷில் 64 இலக்கம். ஒவ்வொன்றும் 0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப் என்று 16 குறிகளில் ஒன்று. யார் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே எண்தான். நம் தாயத்துக்கு இது எப்படிப் பொருந்துகிறது பார்: ஒரு கட்டைக்கு நான்கு முகம், இரண்டு கட்டைக்குப் பதினாறு விதம். ஒரு இலக்கம் ஒரு உருட்டு, மிச்சமே இல்லை! 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கின் ஹாஷ் எஃப் என்று முடியும். எஃப் என்றால் 15. நாலால் வகுத்து, ஈவை ஒரு கட்டைக்கும் மீதியை இன்னொரு கட்டைக்கும் வைத்தால் ஈவு 3, மீதி 3. இரண்டு கட்டையிலும் மூன்று, ஆக ஆறு விழுந்தது. தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். ஆறு முகப் பகடை என்றால் இவ்வளவு சுத்தமாக வராது. பதினாறில் நாலு மிஞ்சி, சில எண்கள் கூடுதலாக விழும்.

இலக்கங்களை வால் பக்கமிருந்து எடு. ஹாஷ் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால்தான் பிளாக் செல்லும் என்பதால் முன்பக்கம் வரிசையாகப் பூஜ்ஜியம். அங்கிருந்து எடுத்தால் இரண்டு கட்டையும் வெறும் முகம்தான், எல்லோருக்கும் பன்னிரண்டுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஹாஷை விட, எதை எப்போது சொல்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த பிளாக் என்பதை அது வருவதற்கு முன்பே அறிவித்துவிடு. வந்த பிறகு பிடித்ததைப் பொறுக்கினால் பழைய கதைதான். ஆனால் அந்த ஒரு பிளாக்கின் ஹாஷை மட்டும் வைத்து ஆட்டம் முழுக்க உருட்டினால், வரப்போகும் கட்டை எல்லாம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே சர்வர் ஒரு நீளமான ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, பிறகு அதை மாற்ற முடியாதபடி அதன் ஹாஷை மட்டும் முதலில் வெளியிடட்டும். ரகசியம், பிளாக் ஹாஷ், எத்தனையாவது உருட்டு என்ற எண், இந்த மூன்றையும் சேர்த்து ஹாஷ் எடுத்தால் அது ஒரு உருட்டு. ஆட்டம் முடிந்ததும் ரகசியத்தைச் சொல்லிவிடு, சந்தேகப்பட்டவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒன்று மட்டும்: ரகசியம் கையில் உள்ளவருக்கு அடுத்த கட்டை தெரியும். நீயும் ஆடும் ஆட்டத்தில் சர்வரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள், தங்களுக்குப் பிடிக்காத பிளாக்கை வெளியிடாமல் அமுக்கலாம். அமுக்கினால் அந்த பிளாக்குக்குக் கிடைக்கும் பரிசு, 2024 ஏப்ரலுக்குப் பிறகான கணக்கில் 3.125 பிட்காயின், போச்சு. ஒரு காய் பழமாவதற்காக யார் அவ்வளவு இழப்பார்கள்? பந்தயப் பணம் அதைத் தாண்டினால்தான் ஆபத்து. அதனால் பணம் வைத்து ஆடும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதே.

பிட்காயின் போன்ற இன்னொரு பிளாக் வரிசையான எத்தீரியத்துக்கு மாறலாம் என்று எழுதியிருந்தாய். அங்கே நடந்த ஒன்றைத் தெரிந்துகொள். அங்கே ஓடும் புரோகிராம் (ஒப்பந்தம் என்பார்கள்) பிளாக்ஹாஷ் என்ற கட்டளையால் ஹாஷைக் கேட்டால் கடைசி 256 பிளாக்குக்குத்தான் பதில் வரும், அதற்கு முந்தையதற்குப் பூஜ்ஜியம்தான். 2017 அக்டோபரில் ஸ்மார்ட்பில்லியன்ஸ் என்ற லாட்டரியில் இதைக் கவனித்தவர்கள் பூஜ்ஜியத்துக்குப் பொருந்தும்படி பந்தயம் கட்டி, 256 பிளாக் தாண்டும்வரை காத்திருந்து 400 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) எடுத்துப் போனார்கள். நீ அந்தப் பக்கம் போனால் பழைய பிளாக் என்றவுடன் ஆட்டத்தை நிறுத்தும்படி எழுது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எந்த பிளாக் என்பதை அந்த முணுமுணுத்த இரண்டு பேரையே சொல்லச் சொல். சரிபார்க்கும் புரோகிராமை நான் எழுதி அனுப்புகிறேன். என் பெயரையும் சேர்த்துக்கொள், எனக்குப் பச்சைக் காய்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி