பழைய மெஷினுக்கும் கடன் கொடுங்கள்

சிறுதொழில் கடனும் மானியமும் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் காப்பிக்கொட்டை வறுத்து விற்கிறேன். பழைய வறுவை மெஷின்களையும் அரைக்கும் மெஷின்களையும் வாங்கிச் சரிசெய்து கைமாற்றி விடுவது தொழிலின் மறுபாதி. உங்களிடம் கேட்க வந்தது ஒரே விஷயம்தான். மனுப் பாரத்தில் 'இயந்திரம் புதியதாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி வருகிறதே, அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், 'பழையதானால் பரிசோதனைச் சான்று இணைக்கவும்' என்று மாற்றுங்கள். எல்லாருடைய பாரத்திலும் அந்த வரி இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லாத இடத்திலும் கவுண்டரில் கிடைப்பது அதே பதில்தான். மலாயில் முறைப்படி மனு எழுதிக் கொடுத்தாயிற்று. நம் ஜனங்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தங்கச்சி வீட்டிலேயே வாணலியில் வறுத்து, சிக்கரி கலந்து, ஃபில்டர் காப்பித்தூள் விற்றுக்கொண்டிருந்தார். தாமானில், அதாவது குடியிருக்கும் வட்டாரத்தில், ஆரம்பித்த வியாபாரம் நாலைந்து சாப்பாட்டுக் கடைகள் வரை போய்விட்டது. வாணலி போதவில்லை. என்னிடம் ஒரு ஈட்டுக்கு ஐந்து கிலோ வறுக்கிற ஜப்பான் மெஷின் ஒன்று ரிப்பேர் வேலை முடிந்து நின்றது. பார்த்தார், பிடித்துவிட்டது, கடனுக்கு மனுப் போட்டார். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "அக்கா, பழைய பொருளுக்கு எப்படி விலை மதிப்புப் போடுறது? எங்களுக்குத் தெரியாதே. புதுசுக்குக் கொட்டேஷன் கொண்டாங்க, முடிச்சுக் கொடுத்திடலாம்."

கொண்டுபோனார். கிடைத்த தொகைக்கு வந்தது ஒரு கிலோ பிடிக்கிற புது மெஷின். ஒரு ஈடு வறுக்கக் கால் மணி நேரம் என்று வையுங்கள். இருபது கிலோ வறுக்க அதில் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். ஐந்து கிலோ மெஷினில் அதே வேலை ஒரு மணி நேரம். மிச்ச நான்கு மணி நேரத்தில் தூள் அரைக்கலாம், பொட்டலம் கட்டலாம், கடைக்குக் கொண்டுபோகலாம், வசூலுக்குப் போகலாம். இப்போது அவர் மெஷின் முன்னாலேயே நிற்கிறார்.

அந்தத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழைய மெஷினை எப்படி மதிப்பிடுவது என்று தெரியாவிட்டால் 'புதியது மட்டும்' என்று எழுதிவைப்பது எளிது. ஆகவே எப்படி மதிப்பிடுவது என்பதையே இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

காப்பி வறுக்கும் மெஷினில் பெரிய ரகசியம் கிடையாது. சுற்றுகிற ஒரு இரும்பு டிரம், அடியில் காஸ் அடுப்பு, புகையையும் உதிர்கிற தோலையும் இழுக்க ஒரு ஃபேன், அந்தத் தோலைப் பிடித்து வைக்க ஒரு கூம்புத் தொட்டி, வறுத்த கொட்டையை ஆறவைக்க ஒரு தட்டு. ஜெர்மனியில் எம்மெரிக் ஊரில் 1868இல் தொடங்கிய புரோபாட் நிறுவனம் 1950களில் வார்ப்பிரும்பில் செய்த மெஷின்கள் இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன. அவற்றின் உடம்பு தேய்வதில்லை. தேய்கிறவை பேரிங், பெல்ட், மோட்டார், சீல். பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இவை கிடைக்கும். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

அந்த ஜப்பான் மெஷினையே எடுத்துக்கொள்வோம். ஒசாகா பக்கத்திலிருந்து வந்தது. ஜப்பானின் கிழக்கில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலை. ஒசாகா இருக்கிற மேற்கில் 60. நமக்கு 50. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் அங்கே நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று கணக்கிட்ட மோட்டார் இங்கே 1,500 கணக்கில்தான் சுற்றும். டிரம் 60 சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் 50 சுற்றும். கொட்டை எழும்பிப் புரளாமல் சூட்டு இரும்பின்மேலேயே படுத்துக்கிடக்கும். ஒரு பக்கம் கரும்புள்ளி விழும். ஃபேனும் அதே கணக்கில் மந்தமாகிவிடுவதால் புகை உள்ளேயே தங்கி, காப்பியில் சாம்பல் வாடை அடிக்கும். வாங்கினவர் "மெஷின் பழசு, அதான்" என்று முடிவு கட்டிவிடுவார். மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொரு சிக்கல், அது 200 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார். நம் மூன்று ஃபேஸ் மின்சாரம் 400 வோல்ட்டுக்கு மேல். நேரே கொடுத்தால் புகைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து இன்வெர்ட்டர் என்கிற சின்னப் பெட்டி. கடையின் சாதாரண ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, மோட்டாருக்கு வேண்டிய 200 வோல்ட்டையும் 60 ஹெர்ட்ஸையும் மூன்று ஃபேஸில் கொடுக்கும். சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. கடைக்கு மூன்று ஃபேஸ் இணைப்புக் கேட்டு அலைய வேண்டியதில்லை. பரிசோதிக்கிறவர் பார்க்க வேண்டியது இதுதான்: மோட்டாரின் பெயர்த்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, இன்வெர்ட்டரில் என்ன அமைத்திருக்கிறது, டிரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகிறது. டிரம்மின் சுற்றை எண்ணக் கைக்கடிகாரம் போதும்.

அப்புறம் காஸ். குழாய் எரிவாயுவுக்குச் செய்த மெஷினில் அடுப்பு ஜெட்டின் துளை பெரிதாக இருக்கும். அதில் நம் தோம்பு (சிலிண்டர்) காஸைக் கொடுத்தால் சுடர் மஞ்சளாகி, கரி பிடித்து, கார்பன் மோனாக்ஸைடு கக்கும். சின்னத் துளை ஜெட் மாற்றி, சுடர் நீலமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுடர் அணைந்தால் காஸ் தானே அடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடைபடாத மெஷினுக்குத் தயவுசெய்து ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பேரிங்கைக் கையால்தான் பார்க்க வேண்டும். டிரம்மை ஆறின நிலையில் ஒருமுறை, சூடேற்றி ஒருமுறை சுற்றிவிட வேண்டும். முன்பக்க பேரிங்கின் கிரீஸ் வருடக்கணக்கான சூட்டில் வெந்து கரியாகியிருக்கும். அது சாதாரண கிரீஸும் இல்லை, அதிகச் சூடு தாங்குகிற வகை போட வேண்டும். டிரம்முக்கும் முகப்புத் தகட்டுக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சரி. கூடினால் கொட்டை மாட்டிக்கொண்டு நசுங்கும். குறைந்தால் இரும்பு சூட்டில் விரிந்து உரசும். சூடேறிய பிறகு 'கிரீச்' என்று சத்தம் வருகிற மெஷினை அப்படியே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு கோப்பி-ஓ வறுத்த டிரம் என்றால் உள்ளே பாகு இறுகிப் பிடித்திருக்கும். சுரண்டி எடுக்க இரண்டு நாள் தோள் கழன்றுவிடும். ஆனால் அதனால் மெஷின் கெட்டுப்போவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. சில பழைய மெஷின்களில் கதவுக் கயிறும் சூடு தடுக்கும் அட்டையும் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு எமன். கல்நார் என்று சந்தேகம் வந்தால் உலர்ந்த நிலையில் பிய்க்கக் கூடாது. தெரிந்தவர்களை வைத்து எடுத்து, கண்ணாடி இழைக் கயிறு போட வேண்டும். சான்றில் இதற்குத் தனியாக ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பழைய மெஷின் எல்லாமே தங்கம் என்று வாதாட நான் வரவில்லை.

இவ்வளவையும் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். காஸ் வேலைக்கும் வயரிங்குக்கும் சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மெஷின் புதியதோ பழையதோ, அவர்கள்தான் வந்து இணைப்புக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்தையே நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். இரும்பு வேலைக்கு ஆள் தேட வேண்டிய ஊரா இது? பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியதிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் மெஷின் பராமரித்து ஓய்வு பெற்றிருப்பார்கள்! அவர்களில் பலர் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வீட்டுக்காரம்மாவின் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேரைப் பட்டியலில் சேர்த்து, பார்வைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் சந்தோஷமாக வருவார்கள்.

உங்களுக்கு இன்னொரு பயம் இருக்கிறது, தெரியும். மச்சான் கடையில் பில் வாங்கிக்கொண்டு, இல்லாத மெஷினுக்குக் காசு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடக்கக்கூடியதுதான். அதற்காக முழுத்தொகையையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். சான்று வந்ததும் பாதிக்கு மேல் ஒரு பங்கு, மூன்று மாதம் ஓடியதும் மீதி என்று வையுங்கள். மெஷினின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுப் புது மெஷின் விலையில் பாதிக்கு மேல் பழையதற்குக் கொடுப்பதில்லை என்று ஒரு வரம்பு போடுங்கள். விற்கிற எனக்கே இந்த வரம்பு உறுத்தும், ஆனாலும் போடுங்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். ஐரோப்பாவில் செய்த ஐந்து கிலோ புது மெஷினைக் கப்பல் கூலியோடு சேர்த்து வாங்கினால் ஒரு புதுக் கார் விலைக்குக் குறையாது. கடன் முழுவதும் இரும்பிலேயே முடங்கிவிடும். கொட்டைக்கு என்ன செய்வது? 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முந்திய வருடம் பிரேசிலில் அடித்த வறட்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம். 60 கிலோ பச்சைக் கொட்டை மூட்டையை வறுத்தால் ஈரமும் தோலும் போய்க் கைக்கு வருவது ஏறக்குறைய 51 கிலோ. இன்னும் கருக்க வறுத்தால் அதுவும் குறையும். கடைக்காரர்கள் காசு கொடுக்க ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் ஆகும். அதுவரை அடுத்த மூட்டைக்குக் கையில் காசு வேண்டும். சிறு வறுவைக்காரர்கள் நொடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நொடித்தபின் என்ன நடக்கிறது என்பதை உங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்க முடியாது. என் பட்டறையிலிருந்து பார்க்கலாம். கடன் போட்டு வாங்கிய புது மெஷின் இரண்டு மூன்று வருடத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, பளபளப்புகூடப் போகாமல் என்னிடம் விலைக்கு வருகிறது. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாது. தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மெஷினை நான் துடைத்து, வேறொருவருக்குக் காட்டினால், அவருக்குக் கடன் கொடுக்க நீங்கள் மாட்டீர்கள். ஏனென்றால் அது இப்போது பழைய மெஷின். ஒருவர் கையில் இருந்தபோது உங்கள் கண்ணுக்குச் சொத்தாக இருந்தது இன்னொருவர் கைக்குப் போனதும் எப்படிக் குப்பையாகும்?

போகிற போக்கில் ஒன்று. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து பழைய கடைவீட்டின் சன்னல் கட்டையை மாற்றக்கூட நூறு யோசனை பண்ணுகிறோம். நல்லதுதான். அதே கடைவீட்டுக்குள் தாத்தா காலத்திலிருந்து ஓடிய வறுவை டிரம்மை மட்டும் 'பெசி பூருக்' என்கிற பழைய இரும்பு வாங்கும் லோரிக்காரர் கிலோக் கணக்கில் எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போகிறார். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு ஏதாவது கஃபே வாசலில் பூந்தொட்டி சுமந்து நிற்கின்றன. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கடைசியாக, ரிப்பேர் செலவையும் கடனில் சேர்க்க வழி பண்ணுங்கள். கடைசல் பட்டறை அண்ணன் தாளில் கையால் எழுதித்தான் பில் தருவார். கம்பெனி முத்திரை இருக்காது, கொட்டேஷன் மூன்று கேட்டால் சிரிப்பார். ஆனால் புஷ் கடைந்து கொடுத்தது அவர்தான், வேலை சுத்தம். இந்த மாதிரிச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, கையெழுத்துப் பில்லையும் ஏற்றுக்கொண்டால் அந்தக் காசு இந்த ஊரிலேயே சுற்றும்.

அதிகாரி யாரையாவது ஒருநாள் அனுப்பி வையுங்கள். கவுண்டரில் இருந்த அந்தத் தம்பியே வந்தாலும் சந்தோஷம். வியாழக்கிழமை வறுக்கிற நாள். காலை எட்டு மணிக்கு அடுப்பு பற்றவைப்பேன். மெஷினைப் பிரித்தும் காட்டுகிறேன், ஓட்டியும் காட்டுகிறேன், மதிப்புப் போடவும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். மூடின சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், தரையில் சூடான கொட்டை தெறிக்கும்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு காப்பி வறுவைக்காரன்