மெரினாவில் ஓடும் மகளுக்கு

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி பழையபடிதான். மழை விட்டால் கொஞ்சம் குறையும். சித்தி வீட்டில் தை மாதம் கல்யாணம் உறுதியாகிவிட்டது, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. மற்றதையெல்லாம் அம்மா போனில் சொல்லுவாள். நான் போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

தம்பி என் போனில் ஸ்ட்ராவா, அதுதான் நீ ஓடுவதையெல்லாம் பதிவு செய்து காட்டும் ஆப், போட்டுக் கொடுத்தது உனக்குத் தெரியும். காலையில் பேப்பர் பிரிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். போன வியாழக்கிழமை நீ மெரினாவில் ஓடிய டெம்போவையும் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர் மெதுவோட்டம், அப்புறம் எட்டு கிலோமீட்டர் டெம்போ, ஒரே சீரான கடின வேகத்தில். முதல் ஆறு கிலோமீட்டரும் ஒவ்வொன்றும் 5 நிமிடம் 20 விநாடி, 5:18, 5:21 என்று இரண்டு மூன்று விநாடிக்கு மேல் விலகவே இல்லை. ஜனவரியில் சென்னை மாரத்தானை நாலு மணி நேரத்தில் முடிக்க நினைக்கிற உனக்கு டெம்போ வேகம் அந்தப் பக்கம்தான் வரும். சென்னையின் ஈரக்காற்றில் அதைப் பிடித்து நிறுத்துவது லேசான காரியம் இல்லை. வியர்வை காயாத காற்றில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். அண்ணா ஸ்டேடியத்துக்கு நடக்கப் போனபோது என் பழைய பையன்கள் எல்லாரிடமும் காட்டினேன். "சாருக்கு ஏத்த மகள்" என்றார்கள். சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். ஓடிய நேரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, மொத்தம் கழிந்த நேரம் என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம். ஆறாவது கிலோமீட்டர் முடிந்ததும், கண்ணகி சிலைப் பக்கம், வாட்சை நிறுத்தியிருக்கிறாய். ஷூ லேஸ் கட்டவோ தண்ணீர் குடிக்கவோ ஒன்பது நிமிடம் ஆகாது. அதற்கு அப்புறம் ஏழாவது கிலோமீட்டர் 5:02, எட்டாவது 4:56. கீழே "கஷ்டம்தான், ஆனா விடல" என்று எழுதியிருக்கிறாய். நாற்பது பேர் லைக் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை.

அந்த ஒன்பது நிமிடம் என்ன ஆச்சு பாப்பா?

நீ சொல்லமாட்டாய். சின்ன வயதிலேயே அப்படித்தான், காயத்தை மறைக்க முழுப்பாவாடை கேட்டவள் நீ. சரி, எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். தீபாவளிக்கு வந்தபோது மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினாய். உட்கார்ந்திருக்கும்போது இடது காலின் முன்னெலும்பில் ஒரே இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அம்மா கேட்டதற்கு "ஒண்ணும் இல்ல, சதை பிடிச்சிருக்கு" என்றாய். இத்தனை வருஷம் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. வாத்தியாரிடம் அது செல்லாது.

சதை வலி என்றால் பரவலாக இருக்கும், பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், உடம்பு சூடானதும் இளகும், இரண்டு மூன்று நாளில் போகும். எலும்பில் விரிசல் விழத் தொடங்கினால் வலி ஒரே புள்ளியில் நிற்கும். ஓட ஓடக் கூடும். முதலில் ஓடும்போது மட்டும் வலிக்கும், பிறகு நடக்கும்போது, அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதும். நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

டெம்போவை நான் குறை சொல்லவில்லை. மாரத்தான் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். நல்ல உடல்நிலையில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம், அதை இருபது முப்பது நிமிடம், மிஞ்சினால் நாற்பது. ஒரு முழு வாக்கியம் பேச முடியாது, மூன்று நான்கு சொல் சொல்லலாம். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் தசையில் உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் சேருவது உடம்பு அப்புறப்படுத்துவதைவிட அதிகமாகிவிடும், கொஞ்ச நேரத்தில் கால் கட்டிக்கொள்ளும். அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடினால் எல்லை மெல்ல மெல்லத் தள்ளிப்போகும். அவ்வளவுதான் டெம்போவின் வேலை. எங்கள் காலத்தில் இதயத் துடிப்பைக் காட்ட நெஞ்சில் கட்டும் பட்டையும் கிடையாது, இந்த வாட்சும் கிடையாது. ஓடி நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து பத்து விநாடி துடிப்பை எண்ணி ஆறால் பெருக்குவோம்.

நடுவில் ஒரு இடம் வரும், உனக்கே தெரியும். பாதி தாண்டியதும் "இன்னைக்கு இது போதுமே" என்று மனசு பேச ஆரம்பிக்கும். அப்போது தோளை இறக்கு, விரல்களைத் தளர்த்து, இரண்டு அடிக்கு உள்மூச்சு, இரண்டு அடிக்கு வெளிமூச்சு என்று எண்ணு, அடுத்த விளக்குக் கம்பத்தை மட்டும் பார். அந்தக் கஷ்டத்தை விடாமல் தாண்டத்தான் வேண்டும். அதைத் தாண்டப் பழகாதவர்கள் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவார்கள். நீ தாண்டுகிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "விட்டுடு" என்ற குரல் மூச்சிலிருந்து வந்தால் கேட்காதே. எலும்பிலிருந்து வந்தால் உடனே நில், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போ. ஒன்பது நிமிடம் நிற்க வேண்டிவந்தால் அன்றைய டெம்போ அங்கேயே முடிந்துவிட்டது. நின்று ஆறி, பிறகு இன்னும் வேகமாக ஓடிய அந்த இரண்டு கிலோமீட்டர் பயிற்சியில் சேராது. அது கோபம். யார் மேல் என்று நான் கேட்கவில்லை. மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில்தான் நீ ஓட ஆரம்பித்தாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தது அங்கேதான். சுவிட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் நிலைகுலைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடி, கடைசி 400 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்கு மேல் எடுத்து முடித்தார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கூட வந்த டாக்டர்கள் ஏன் நிறுத்தவில்லை தெரியுமா? அவருக்கு வியர்வை இன்னும் வருகிறது என்று கவனித்தார்கள், அதனால் விட்டார்கள். பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. காலை ஐந்து மணி இருட்டில் மெரினாவில் உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தை விட்டார். அங்கே கிடைத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததாகவும், கடைசி 35 மீட்டரில் உடம்பில் சக்தி இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அவருக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தும் நீ சாப்பிடுவதில்லை. தீபாவளிக்கு அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்றாள், நீ சொதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாய். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கூடும். அப்புறம் உடையும்.

கணக்குப் பார். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. ஐம்பது கிலோ உடம்பு வாரம் அறுபது கிலோமீட்டர் ஓடினால் மூவாயிரம் கலோரி. கிட்டத்தட்ட ஒன்றரை நாள் சாப்பாடு, வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே. அது உள்ளே போகாவிட்டால் உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கும். உயிருக்கு உடனடியாக வேண்டாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். எலும்பு கட்டுவது குறையும், ரத்தம் குறையும், சளியும் காய்ச்சலும் சீக்கிரம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் முன்னாலேயே நிற்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதையெல்லாம் சேர்த்து ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. நீயே தேடிப் படி. நான் இதற்கு மேல் எழுத முடியாது. அம்மா உன்னிடம் ஒரு விஷயம் கேட்பாள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் உள்ளதைச் சொல்.

உளுந்து மாவும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் பார்சல் கட்டிவிட்டாள். களி கிண்டி வாரத்தில் மூன்று நாளாவது சாப்பிடு. ஆச்சி எதற்காக அதைச் சொல்வாள் என்று உனக்குத் தெரியும். முருங்கைக்கீரைப் பொடியும் இருக்கிறது. அதைச் சாப்பிட்டவுடன் டீயோ காப்பியோ குடிக்காதே, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாது. ஒரு மணி நேரமாவது கழியட்டும். ஓடி முடித்த அரை மணிக்குள் எதையாவது சாப்பிடு. வாழைப்பழமாவது. இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், சாப்பிடு.

என் பள்ளியில் 1500 மீட்டர் ஓடிய ஒரு பிள்ளை இருந்தாள். கால் வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். மண்டலப் போட்டியில் மூன்றாவது சுற்றில் எலும்பு முறிந்து விழுந்தாள். அதன் பிறகு ஓடவே இல்லை. வலியை மறைக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகத்தான் மறைக்கிறார்கள்.

அதனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள். நீ ஓட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அத்தை சொன்னாள், மாமா சொன்னார், உன் அம்மாவே ஒரு தடவை சொன்னாள். நான் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். நீ 42.195 கிலோமீட்டரை ஓடி முடிப்பதைப் பார்க்க என்னைப் போல ஆசைப்படுகிற ஆள் இந்த ஊரில் கிடையாது. நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் நீ ஓட வேண்டும். அதற்காகத்தான் இந்த வாரம் நிறுத்து என்கிறேன்.

பத்து நாள் ஓடாவிட்டால் சேர்த்த தெம்பு பெரிதாக ஒன்றும் போய்விடாது. காலை ஊன்றும்போது வலிக்காவிட்டால் சைக்கிள் மிதி, நீச்சல் குளத்தில் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடு. மூச்சுக்கு வேலை கிடைக்கும், எலும்புக்கு ஓய்வு கிடைக்கும். டாக்டர் விரிசல் என்று சொல்லிவிட்டால் ஜனவரியை விட்டுவிடு. கட்டின பணம் போகட்டும், அதை நான் தருகிறேன். சென்னை மாரத்தான் வருஷா வருஷம் வருகிறது. ஒன்றும் இல்லை என்று சொன்னால் அடுத்த வாரமே டெம்போ ஓடு, எட்டு வேண்டாம், ஐந்து. புழுக்கம் அதிகமாக இருந்தால் வாட்சைப் பார்க்காதே, மூச்சைப் பார்த்து ஓடு.

அப்புறம் தூக்கம். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அமெரிக்காக்காரனோடு மீட்டிங், நாலு மணிக்கு அலாரம். அந்த நாலு மணி நேரத்தில் எந்த உடம்பும் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. டெம்போவுக்கு முந்தின நாள் மீட்டிங் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிப் பார். கேட்டால்தானே கிடைக்கும்.

நேரம் எவ்வளவு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நாலு மணி என்றாலும் நாலரை என்றாலும் ஸ்டேடியத்தில் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

இந்தச் சனிக்கிழமை எலும்பு டாக்டரிடம் போ. தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் சொல், வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். பார்சலையும் கையோடு கொண்டுவருகிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவாள். போனை எடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு எழுந்து வந்துவிடாதே. ஆரம்ப விரிசல் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.-யில்தான் தெரியும். எந்த இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்று டாக்டரிடம் தொட்டுக் காட்டு. தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் டி மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வா. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.