ஏழரை அங்குல டேப்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியாக இருக்கிறது. இதைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேள். படிக்கக் கூடாத இந்த நாட்களில் நீ கேட்பதற்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

நியூயார்க் டி.ஜே. டேனி கிரிவிட்டின் எடிட்டுகளை 2003-ல் லண்டனின் ஸ்ட்ரட் என்ற லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) தொகுத்து வெளியிட்டது. மூன்று வாரமாக வீட்டில் அதுதான் ஓடுகிறது.

எடிட் என்றால் என்ன தெரியுமா? டிஸ்கோ பாட்டில் குரலெல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று வரும். ஆடுகிறவர்களுக்கு உயிரே அதுதான், ஆனால் சில நொடிகளில் போய்விடும். டி.ஜே.க்கள் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்து மாற்றி மாற்றிப் போட்டு அதை நீட்டினார்கள். அப்புறம் ஸ்பூல் டேப்பில் அந்த இடத்தைப் பலமுறை பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நிமிடத்துக்கு 120 பீட் (தாளத் தட்டு) உள்ள பாட்டில் ஒரு பீட்டுக்கு ஏழரை அங்குலம். வெட்டு மயிரிழை தப்பினாலும் ஆடுகிறவன் கால் தடுமாறும். டேப்பைக் கையில் பிடித்து அளந்து பாட்டைக் கேட்டிருக்கிறார்கள்! அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

1976-ல் சால்சோல் என்ற நியூயார்க் லேபிள், 'டென் பர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே.யிடம் கொடுத்தது. சுமார் மூன்று நிமிடப் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டித் தந்தார். கடையில் பொதுமக்களுக்கு விற்ற முதல் 12 அங்குல சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்காகவே போட்ட பெரிய ரெக்கார்டு, அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரிய தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை அகலமாக விட்டு வெட்டலாம், அதனால் பேஸ் என்கிற அடி ஒலி நெஞ்சில் வந்து இடிக்கும்.

இப்போது வருகிற பல எடிட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல துண்டு ஒன்றையே சுற்றவிட்டு, பாடகியைத் துரத்திவிடுகிறார்கள். கிரிவிட் அப்படிச் செய்வதில்லை. காத்திருக்க வைத்து, சரியான இடத்தில் குரலைக் கொண்டுவருகிறார்.

நம் ஊர் ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிடக் கேசட்டின் கடைசிப் பாட்டு சரணத்திலேயே அறுந்துபோகும், நினைவிருக்கிறதா? மீதியை நீ பாடி முடித்துவிட்டுத்தான் கேசட்டைத் திருப்புவாய். உனக்கு இந்த எடிட்டுகள் பிடிக்காமல் போகாது.

தையில் ஊருக்கு வரும்போது ரெக்கார்டைக் கொண்டுவருகிறேன். உன் பிளேயரில் ஊசி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்