கைத்தறியைக் கெடுப்பது கத்தரிக்கோல்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கைத்தறி ஆடைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நெசவாளர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது; துணியை வெட்டித் தைப்பது பற்றிப் பேசவில்லை. சூழலுக்கு நல்லது என்று வாங்கிய சட்டை மூன்றாவது சலவையில் தோளைப் பிடித்தால், அப்புறம் அது பீரோவை விட்டு வெளியே வராது. கோளாறு பெரும்பாலும் தறியில் இல்லை, தையலில்தான்.

முதலாவது, நனைக்காமல் வெட்டுவது. பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த இழுவையோடுதான் துணி மடிந்து கடைக்கு வருகிறது. தண்ணீர் பட்டுக் கஞ்சி இறங்கியதும் மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கும். சுருக்கம் எடுத்து வரும் மில் துணி இப்படி இல்லை. ஆகவே 2.5 மீட்டர் தேவையென்றால் 2.75 எடுங்கள். ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பது பாதிதான் உண்மை. ஊறும்போது இறங்குவது கொஞ்சம் குறையும், அவ்வளவே. சரியாக ஏறாத சாயத்தை உப்பு நூலில் பிடிக்கவைக்காது. வாங்கும்போதே ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது மேல்.

இரண்டாவது, கட்டம் பொருந்தாமல் வெட்டுவது. கட்டம் போட்ட துணியில்தான் அதிகம் சேதம். டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய சரக்கில் கட்டத் துணியும் உண்டு. திருவொற்றியூர் காலாடிப்பேட்டையில் நெசவாளர்களைக் குடியேற்றியவர் 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட். இன்று எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் துணிக்கடையும் தையலும் பெரிய தொழில். எம்.சி. ரோட்டைச் சுற்றி எத்தனை மெஷின்! அவற்றில் தைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கையால் அடிக்கும் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக விழாது. அங்குலத்துக்கு 60 இழை விழுந்த துணியில் ஒரு முழம் தள்ளி 57 இருக்கலாம். கட்டத்தின் உயரமும் அதற்கேற்ப மாறும். இடது முன்பக்கத்தை ஓர் இடத்திலும் வலதை அதற்குக் கீழேயும் வெட்டினால், பட்டன் பட்டியில் கட்டம் படியேறி நிற்கும். இரண்டையும் அகலவாக்கில் பக்கம்பக்கமாக வைத்து, ஒரே ஊடை இரண்டிலும் ஓடும்படி வெட்டுங்கள். பாக்கெட்டையும் அதே வரிசையில், மார்பு உயரத்திலேயே எடுக்கலாம். வெட்டுமுன் ஓர் ஊடை இழையை உருவினால் நேர்க்கோடு தானே தெரியும், ஸ்கேல் வேண்டாம். ஐம்பது அடுக்கு அடுக்கி மின்கத்தியால் அறுக்கும் முறை இந்தத் துணிக்கு ஒத்துவராது. நாலு அடுக்குக்கு மேல் போனால் அடியிலுள்ளது கோணிவிடும். சின்ன தையல் கடைக்கு ஏற்ற துணி இது.

ஊசி: 80 கவுண்ட்டுக்கு 11-ஆம் நம்பர், 40 கவுண்ட்டுக்கு 14. கவுண்ட் கூடினால் நூல் மெல்லியது என்று பொருள். தையல் அங்குலத்துக்கு 10 முதல் 12. அதைவிட நெருக்கினால் துணியின் இழை அறுந்து ஓட்டை வரிசை விழும்; தளர்த்தினால் இழை விலகி வாய் பிளக்கும். அக்குளிலும் முதுகிலும் விளிம்பில் நூல் சுற்றும் ஓவர்லாக் மட்டும் போதாது. அரை அங்குலம் விட்டு, விளிம்பை உள்ளே மடித்து அடிக்கும் மடிப்புத் தையல் போட வேண்டும். மார்பளவுக்கு மேல் நாலைந்து அங்குலம் லூஸ் அவசியம். ஸ்லிம் ஃபிட் கேட்பவர் வேறு துணி பார்க்கட்டும்.

ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். விசைத்தறியிலும் துளை விழும். 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரையைப் பாருங்கள். கடைக்காரர்கள் பில்லில் கவுண்ட், அகலம், நனைத்த துணியா இல்லையா என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தால் தையல்காரரோடு பாதி வாக்குவாதம் மிச்சம்.

மிச்சத் துண்டைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டுப் போட அதுதான் வேண்டும். நனைக்காத புதுத் துணியை ஒட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கி, சுற்றியுள்ள இடத்தையும் இழுத்துவிடும்.

இப்படிக்கு,
தையல்காரர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21